ஒரு பருவம் முழுக்கப் பண்ணையில்: ஆறு மாத இன்டர்ன்ஷிப் எப்படி இருந்தது?

முதல் நாள் காலை பண்ணையில் என்னிடம் மூன்று பொருட்களைக் கொடுத்தார்கள். ஒரு களைக்கொத்து, ஒரு ஜோடி கையுறை, கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு. களைக்கொத்தின் பிடி நான்காவது மாதம் உடைந்தது. கையுறையை இரண்டு தடவை மாற்றியாயிற்று. நோட்டு மட்டும் என்னோடு வந்துவிட்டது. அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நடவுக்கு முன்னால் தொடங்கிக் கடைசி அறுவடை வரை, ஒரு சாகுபடிப் பருவம் முழுக்க, ஒரு காய்கறிப் பண்ணையில் இன்டர்ன்ஷிப் செய்தேன். அதற்கு முன் நான்கு வருடம் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் நிலம் கிடையாது. விவசாயத் துறையில் வேலைக்குப் போகலாமா, அதற்கு முன் ஒரு பருவம் இருந்து பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பண்ணையின் பெயரை விட்டுவிடுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, மாதாமாதம் ஒரு உதவித்தொகை. வாரத்தில் ஆறு நாள் வேலை, அதில் ஒரு நாள் பிற்பகல் மட்டும் வகுப்பு. இதையெல்லாம் சேரும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை. பண்ணைக்குப் போகிறேன் என்கிறவர்கள் பலர், தன்னார்வ வேலை, பயிற்சி, பருவக்கூலி மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தன்னார்வ வேலைக்கு வூஃப் (WWOOF) என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1971-ல் இங்கிலாந்தில் சூ காப்பர்ட் என்ற பெண்மணி தொடங்கியது. நகரத்தில் இருப்பவர்கள் வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்குப் போய் வரட்டும் என்பதுதான் ஆரம்ப எண்ணம். அதில் தங்க இடமும் சாப்பாடும் உண்டு, சம்பளம் இல்லை. சில நாளோ சில வாரமோ இருந்துவிட்டு வரலாம். பயிற்சி என்பது வேறு. கலிஃபோர்னியாவில் சான்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 1967-ல் ஆலன் சாட்விக் மாணவர்களை வைத்து ஒரு தோட்டம் போட்டார். அதிலிருந்து வளர்ந்த பயிற்சித் திட்டத்தில் கூடவே இருந்து, கூடவே வேலை செய்து, கூடவே பாடமும் படிக்க வேண்டியிருந்தது. பருவக்கூலி வேலை மூன்றாவது ரகம். வேலைக்கு உரிய கூலி வரும், ஆனால் யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்லித்தர மாட்டார்கள். மூன்றிலும் தப்பில்லை. நீங்கள் போகிற இடம் எது என்று போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கற்றுக்கொண்டது என்ன?

முதல் ஆறு வாரம் பெரும்பாலும் நாற்றங்காலில் இருந்தோம். இந்தப் பண்ணை மிக நன்றாகச் சொல்லிக்கொடுத்த பகுதி அதுதான். நாற்றங்காலைப் பார்த்துக்கொண்ட அக்கா பல வருடமாக அதே வேலையில் இருப்பவர். இரண்டாவது வாரம் தக்காளிக் குழித்தட்டுகளுக்குத் தண்ணீர் விடும் பொறுப்பு எனக்கு வந்தது. மேல் மண் காய்ந்த மாதிரித் தெரிந்தபோதெல்லாம் விட்டேன். காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. நான்காம் நாள் போய்ப் பார்த்தால் பதினோரு தட்டில் நாற்றுகள் கும்பல் கும்பலாகச் சாய்ந்து கிடந்தன. இலை நல்ல பச்சையாகத்தான் இருந்தது. தண்டு மட்டும் மண்ணைத் தொடுகிற இடத்தில் நீர்கோத்து, நூல் மாதிரி சுருங்கியிருந்தது. நாற்றழுகல். ஈரம் வற்றாத மண்ணில் பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் பெருகித் தண்டின் அடியைத் தாக்குவதால் வருவது. சாய்ந்த நாற்றை நிமிர்த்த வழியே இல்லை.

அக்கா திட்டவில்லை. நன்றாக இருந்த ஒரு தட்டை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார். "இது இப்பதான் தண்ணி குடிச்சது. கனத்த ஞாபகம் வெச்சுக்க." அப்புறம் இன்னொன்று. "இது நேத்துக் குடிச்சது." மூன்றாவது தட்டு வெறும் தட்டைப் போல லேசாக இருந்தது. "இதுக்கு இப்ப ஊத்து. மேல் மண்ணப் பாக்காத, தட்டத் தூக்கிப் பாரு."

அன்று மத்தியானம் முழுக்கத் தட்டுகளைத் தூக்கித் தூக்கி வைத்தேன். பத்து நாளில் கைக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. சாயங்காலம் கடைசியாகத் தண்ணீர் விட்டால் இரவு முழுக்க ஈரம் நிற்கும், அதனால் காலையிலேயே முடித்துவிடு என்பதும் அப்போது கற்றதுதான்.

சாயங்காலம் நோட்டை எடுக்கச் சொன்னார். என்ன ரகம், விதைத்த தேதி, எத்தனை தட்டுப் போனது, தண்ணீர் விட்ட நேரம், போனதற்குக் காரணம். எல்லாவற்றையும் எழுதினேன். மறுபடி விதைத்த நாற்று, முதலில் விதைத்ததைவிடப் பதினெட்டு நாள் பின்தங்கியது. அந்தப் பாத்தியில் முதல் பழம் பறித்த தேதியையும், மூன்று மாதம் கழித்து, அதே பக்கத்தின் அடியில் எழுதினேன். பதினாறு நாள் தாமதம். நான்கு நாள் கவனக்குறைவு என்ன செய்தது என்பதை இப்படி ஒரே பக்கத்தில் பார்த்தபோதுதான் இந்தத் தொழில் எனக்கு லேசாகப் புரிய ஆரம்பித்தது.

நோட்டு எழுதுவது இந்தப் பண்ணையில் கட்டாயம். மண்ணின் வெப்பம், மழை, எந்தப் பாத்தியில் எத்தனை மணி நேரம் என்ன வேலை, எத்தனை கிலோ பறித்தோம், எல்லாம் அன்றன்றைக்கே பதிய வேண்டும். கூட இருந்தவர்கள் சிலருக்கு அது சலிப்பாக இருந்தது. எனக்குப் பிடித்தது. ஓர் உதாரணம் சொல்கிறேன். கேரட் விதை முளைக்க ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். அதற்குள் களை முந்திக்கொள்ளும். இரண்டு பாத்தி ஒரே அளவில் போட்டோம். ஒன்றில் மண்ணைத் தயார் செய்த உடனே விதைத்தோம். இன்னொன்றில் மண்ணைத் தயார் செய்து, தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் சும்மா போட்டு, முளைத்த களையை மேலோட்டமாகச் சுரண்டி எடுத்த பிறகு விதைத்தோம். ஆழமாகக் கொத்தினால் அடியில் இருக்கும் களை விதை மேலே வந்துவிடும், அதனால் சுரண்டல் மட்டும். பருவ முடிவில் என் நோட்டில் கூட்டிப் பார்த்தேன். முதல் பாத்திக்குக் களையெடுக்கப் பதினொன்றரை மணி நேரம், இரண்டாவதற்கு மூன்றே கால். முதல் பாத்தியில் முட்டிபோட்டு உட்கார்ந்து, கேரட் எது களை எது என்று விரலால் பிரித்துப் பிரித்து எடுத்த அந்தப் பதினொன்றரை மணி நேரத்தை என் முதுகு மறக்கவே மறக்காது.

அறுவடை நாட்கள் அதிகாலையில் தொடங்கும். வெயில் ஏறும் முன் லெட்யூஸை அறுத்து, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, குளிர் அறைக்குள் தள்ளிவிட வேண்டும். வயலின் சூடு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதோ அவ்வளவு நாள் இலை நிற்கும். அதற்கு 0 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். தக்காளியை அதே அறையில் வைத்தால் கெட்டது. 12 டிகிரிக்குக் கீழே ருசி போய்விடும், நாள்பட்டால் தோல் குழி விழும். அதனால் இரண்டு அறை, இரண்டு வெப்பமானி. கம்போஸ்ட் குவியலுக்கும் ஒரு நீள வெப்பமானி உண்டு. குவியலின் நடுவில் 55 டிகிரிக்கு மேல் நின்றால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும் என்று காலையும் மாலையும் குத்திக் குத்திப் பார்ப்போம். ஏன் என்று எப்போது கேட்டாலும் பதில் சொன்னார்கள். அதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

இனி குறைகள்.

நான்காவது மாதம் பறிப்பு உச்சத்துக்கு வந்ததும் வகுப்பு நின்றுபோனது. ஒரு வாரம் இல்லை, தொடர்ந்து ஏழு வாரம். ஒன்பது மணி நேரம் என்று எழுதியிருந்த வேலை பல நாள் பன்னிரண்டைத் தொட்டது. கேட்டால், "இப்ப செய்யறதுதான் பெரிய வகுப்பு" என்று பதில் வந்தது. எனக்கு அதில் கொஞ்சம்கூட உடன்பாடு இல்லை. தக்காளி பறிக்க மூன்று நாளில் கற்றுக்கொள்ளலாம். நாற்பதாவது நாளும் பறித்துக்கொண்டிருந்தால் அது வேலை, பயிற்சி இல்லை. வேலை வாங்குங்கள், பறிப்பு நிற்காது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் கூடுதல் நேரத்துக்குக் கூலி கொடுங்கள், அல்லது நின்ற வகுப்பைப் பின்னால் நடத்துங்கள். இரண்டும் நடக்கவில்லை.

வெயில் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எங்களில் ஒரு தம்பி பிற்பகல் இரண்டு மணிக்கு மிளகாய்ப் பாத்தியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். வியர்வை நின்று தோல் சூடாக இருந்தது, பேச்சு குழறியது. நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டான், ஆனால் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம்தான் வேலை நேரத்தை மாற்றி, நண்பகலில் மூன்று மணி நேரம் ஓய்வு விட்டார்கள். முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டிய ஓய்வு அது. கட்டுமானம், சுரங்கம் இவற்றோடு சேர்த்து மிக ஆபத்தான தொழில்களில் ஒன்றாக விவசாயத்தையும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்கிறது. 2001-ல் விவசாய வேலையின் பாதுகாப்புக்கென்றே 184-ஆம் எண் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. பண்ணை என்றதும் பச்சைப் பசேல் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலுதவிப் பெட்டி எங்கே, ஆணி குத்தினால் டெட்டனஸ் ஊசிக்கு யார் கூட்டிப் போவார்கள், மருந்து தெளித்த பாத்திக்குள் எத்தனை நேரம் கழித்துப் போகலாம் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

டிராக்டர் ஓட்டக் கற்றுத்தருவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த ஒருவருக்குத்தான் அது கிடைத்தது.

நான்காவது குறை எனக்கு மிகவும் முக்கியம். ஒரு பாத்திக்கு ஆன செலவு என்ன, அதிலிருந்து வந்த வரவு என்ன என்று யாரும் காட்டவில்லை. வேலை நேரமும் கிலோ கணக்கும் எங்கள் நோட்டில் இருந்தன, விற்ற விலை எங்களிடம் வரவில்லை. என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரம் கோடு போட்டு 'வரவு' என்று தலைப்பு எழுதி வைத்திருந்தேன். ஐந்தரை மாதம் அந்தப் பத்தி வெறுமையாகவே இருந்தது. சொந்தமாகப் பண்ணை வைக்க ஆசைப்படுகிறவருக்கு அந்தப் பத்தி இல்லாமல் பாதிப் படிப்புதான்.

வேலை வாய்ப்புப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பருவம் முடித்த நால்வரில் ஒருவர் மண் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தார். ஒருவர் விதை உற்பத்தி வயலில் இருக்கிறார், மகரந்தம் கலக்காமல் ரகங்களைத் தள்ளித் தள்ளி நடுவதும் கலப்புச் செடிகளைப் பிடுங்குவதும்தான் அவருக்கு நாள் முழுக்க வேலை. ஒருவர் பயிர் நோய் படிக்கப் போய்விட்டார், அந்தப் பதினோரு தட்டில் அவருக்கும் ஒரு பங்கு ஆர்வம் வந்தது என்று சொன்னார். நான் விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து விற்கும் ஓர் அமைப்பில் சாகுபடித் திட்டமும் கணக்கும் பார்க்கிறேன். எந்த வாரம் எந்த நாற்று விட்டால் எந்த வாரம் காய் வரும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடும் வேலை. நேர்காணலில் சான்றிதழை ஒரு தடவை புரட்டினார்கள். நோட்டை அரை மணி நேரம் பார்த்தார்கள். சொந்த நிலம் இல்லாதவருக்கு விவசாயத்தில் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாசன அமைப்பு, சேமிப்புக் கிடங்கு, தரச் சான்று ஆய்வு, இயந்திரப் பழுது என்று வயலைச் சுற்றி எத்தனையோ வேலை இருக்கிறது. எதில் போனாலும் ஒரு பருவம் வயலில் நின்றவரின் பேச்சை விவசாயி காது கொடுத்துக் கேட்கிறார்.

ஐந்து நட்சத்திரத்தில் மூன்றரை தருகிறேன். நாற்றங்காலுக்கு மட்டும் என்றால் ஐந்து. உடம்பு உழைப்புக்குப் பழக்கமில்லாதவர்கள் சேரும் முன் இரண்டு நாள் போய் வேலை செய்து பாருங்கள். பழைய இன்டர்ன் ஒருவரோடு பேச வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பண்ணை வேண்டாம். பறிப்பு உச்சத்தில் வகுப்பு நடக்குமா என்று குறிப்பாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைசி வாரம் உரிமையாளரிடம் போய் வரவுக் கணக்கைக் காட்ட முடியுமா என்று நேராகவே கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்று சொல்லி, அன்றைக்கு இரவே பேரேட்டை எடுத்து வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். கேரட் பாத்தி இரண்டையும் எடுத்துக்கொண்டோம். விளைச்சல் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் உடனே விதைத்த பாத்தியில் களையெடுத்த கூலியே லாபம் முழுவதையும் தின்றிருந்தது. அவரும் அதை அன்றைக்குத்தான் பாத்திவாரியாகப் பார்த்தார். அடுத்த குழுவுக்கு முதல் மாத வகுப்பிலேயே பேரேட்டைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதல் வாரமே கேளுங்கள். நான் ஐந்தரை மாதம் காத்திருந்தேன்.