அலெஸாண்ட்ரா ஸ்ட்ரோஸியின் கடிதங்கள்: தாராளமாக வாங்கலாம்

ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். 15ஆம் நூற்றாண்டு இத்தாலி, ஃபுளோரன்ஸ் நகரம். நாடுகடத்தப்பட்ட கணவர் இறந்துவிட்டார், மகன்கள் பிழைப்புக்கு வெளியூரில். மிச்சமிருக்கும் சொத்தையும் பெண்களின் கல்யாணத்தையும் இந்த அம்மா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறார்.

1447இல் மூத்த மகள் கத்தெரீனாவைப் பட்டு வியாபாரி மார்க்கோ பாரென்டிக்குப் பேசி முடிக்கிற கடிதம் இருக்கிறதே, அதற்கே காசு சரியாகப் போயிற்று. வரதட்சணை 1,000 ஃபுளோரின் (அந்த ஊர்த் தங்கக் காசு). இன்னும் பெரிய இடம் என்றால் 1,400, 1,500 கேட்டிருப்பார்கள், உனக்கும் எனக்கும் சேர்த்து அழிவுதான் என்று நேபிள்ஸில் இருக்கும் மகன் ஃபிலிப்போவுக்குக் கணக்குச் சொல்கிறார். அப்புறம் மாப்பிள்ளை எடுத்துக்கொடுத்த சிவப்பு வெல்வெட், முத்து வைத்த தலையலங்காரம். பெண் வெளியே கிளம்பினால் 400 ஃபுளோரினுக்கு மேல் உடம்பில் இருக்குமாம். இவ்வளவு நேரம் கஞ்சக் கணக்கு போட்டவர்தான் இதையும் எழுதுகிறார்!

1465இல் மருமகள் தேடும்போது, தேவாலயத்தில் பூசைக்கு வந்த பெண்ணை நோட்டம் விடுகிறார். அந்தப் பக்கங்களுக்கு நல்ல சிரிப்பு.

ஃபுளோரன்ஸைக் கையில் வைத்திருந்த மெடிசி குடும்பத்துக் கால அரசியல் வரும் இடங்கள் மட்டும் இழுவையாக இருக்கின்றன. யார் யாருக்கு உறவு என்று பார்க்க அடிக்கடி பின்பக்கக் குறிப்புகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது, எழுத்தும் பொடி.