பல் செட் கொக்கி டிசைனுக்கு மொத்தமாக முன்பணம் கேட்கிறார்களா? என் 38,000 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 38,000. அளவெடுத்து அனுப்பினால் போதும், டிசைன் செய்து, உலோகத்தில் வார்த்து, கிளினிக்குக்கே அனுப்புகிறோம் என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு டிஜிட்டல் டென்டல் லேபுக்கு நான் கட்டிய முன்பணம் அது. ஆறு ஃபிரேம்வொர்க்குக்கான, அதாவது பல் செட்டின் உலோகச் சட்டங்களுக்கான, தொகுப்புத் திட்டம் என்றார்கள். வந்தவை இரண்டு. இரண்டுமே வாயில் வைக்க லாயக்கில்லை. லேபின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அவர்கள் பேசும் விதத்தை எழுதுகிறேன். அதே பேச்சு உங்கள் காதில் விழுந்தால் அடையாளம் தெரியும். எப்படித் தப்பிப்பது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

பல் மருத்துவர் அல்லாதவர்களும் இதைப் படிப்பீர்கள். அதனால் எதற்கு இவ்வளவு கோபம் என்று புரிய விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சில பற்கள் போய் சில பற்கள் மிச்சம் இருப்பவர்களுக்குக் கழற்றி மாட்டும் பல் செட் செய்கிறோம். அது கழன்று விழாமல் நிற்பது மிச்சமிருக்கும் இயற்கைப் பல்லைச் சுற்றிப் பிடிக்கும் கிளாஸ்ப், அதாவது கொக்கியால்தான். பல் நேரான தூண் கிடையாது. நடுவில் எங்கோ ஒரு இடத்தில் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பின் உச்சத்தைச் சுற்றிப் போகும் கோட்டைக் கண்டுபிடிக்க சர்வேயர் என்ற கருவியில் மாடலை வைத்து, செங்குத்தான கரிக்குச்சியைப் பல்லைச் சுற்றி உரசவிட்டு வரைவோம். கோட்டுக்குக் கீழே, அதாவது ஈறுப் பக்கம், உள்ள ஒடுக்கம்தான் அண்டர்கட். கொக்கியின் பிடிக்கும் கையில் நுனிப்பகுதி மட்டும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அந்த ஒடுக்கத்துக்குள் போக வேண்டும். மீதி கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும்.

எவ்வளவு ஆழம் போகலாம் என்பது உலோகத்தைப் பொறுத்தது. வார்த்த கோபால்ட்-குரோமியம் விறைப்பானது. அதற்கு 0.25 மி.மீ. போதும். வளைத்துச் செய்யும் கம்பிக்கொக்கி என்றால் 0.5 மி.மீ. வரை போகலாம். இது தவிர, எதிர்ப்பக்கத்தில் பல்லைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். இல்லையென்றால் செட்டைப் போடும்போதும் எடுக்கும்போதும் கொக்கி பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும். செட் ஈறுக்குள் இறங்காமலிருக்கப் பல்லின் மேல் உட்கார ரெஸ்ட் வேண்டும். எல்லாம் சேர்ந்து பல்லின் சுற்றளவில் பாதிக்கு மேல் வளைத்திருக்க வேண்டும். செட் முழுதாக உட்கார்ந்த பிறகு கொக்கி பல்லை அழுத்தவே கூடாது. யாராவது இழுத்தால்தான் அது வேலை செய்ய வேண்டும். ஒருவருடைய பல்லில் இருக்கும் புடைப்பு இன்னொருவருக்கு இருக்காது. அதனால்தான் இதை டிசைன் என்று சொல்லித் தனியாகக் காசு வாங்குகிறார்கள்.

சரி, நான் ஏன் நம்பினேன் என்று கேட்பீர்கள். முதலில் ஒரு கேஸை இலவசமாக டிசைன் செய்து காட்டுகிறோம் என்றார்கள். மேல்தாடை, இரண்டு பக்கமும் நடுவில் மட்டும் பல் இல்லாத கேஸ் ஒன்றை அனுப்பினேன். மறுநாளே அங்கிருந்து ஒருவர் போன் செய்தார். நிதானமான குரல். “டாக்டர், இந்தப் பக்கத்துக் கோரைப்பல்லில் 0.25 அண்டர்கட் கூட இல்லை. மாடலைச் சாய்த்தும் பார்த்துவிட்டேன். ஒரு இடத்தில் கொஞ்சம் காம்போசிட் வைத்துப் புடைப்பு உண்டாக்கித் தருவீர்களா, இல்லை பின்னால் இருக்கும் பல்லுக்கு மாற்றட்டுமா?” என்று கேட்டார். காம்போசிட் என்பது பல்லில் ஒட்டிவைக்கும் பல் நிறப் பொருள்.

இந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். மாடலை உண்மையிலேயே சர்வேயரில் வைத்துப் பார்த்த ஒருவரால்தான் இப்படிக் கேட்க முடியும். பெரும்பாலான லேபில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அனுப்பியதை வார்த்துத் திருப்பிவிடுவார்கள். அன்று சாயங்காலம் அவர் அனுப்பிய படத்தில் ஒவ்வொரு பல்லிலும் சர்வே கோடு சிவப்பில், கொக்கி நுனி விழும் இடம் நீலத்தில், செட் இறங்கும் திசைக்கு அம்புக்குறி, எல்லாம் இருந்தன. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அப்புறம்தான் தொகுப்புத் திட்டம் பற்றிப் பேசினார்கள். ஆறுக்கும் சேர்த்து முன்பே கட்டினால் விலை குறையும், ஒவ்வொன்றையும் அதே நிபுணர் பார்ப்பார் என்றார்கள். 38,000 கட்டினேன். அந்தக் குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.

முதலில் அனுப்பியது ஒரு பெரியம்மாவின் கேஸ். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் கிடையாது. எந்தப் பக்கம் பல் இல்லை என்பதை வைத்துக் கென்னடி என்ற பல் மருத்துவர் 1925-இல் வகுத்த பிரிவில் இது முதல் வகுப்பு. செய்வதற்குக் கவனம் அதிகம் வேண்டியது இதுதான், ஏனென்றால் பின்னால் தாங்குவதற்குப் பல்லே இல்லை. மெல்லும்போது செட்டின் பின்பகுதி ஈறுக்குள் அமுங்கும். கடைசியாக நிற்கும் பல்லின் பின்பக்கத்தில் ரெஸ்ட் வைத்து, மேலிருந்து பல்லைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சாதாரண ஏக்கர்ஸ் கொக்கியைப் போட்டால், செட் பின்னால் அமுங்க அமுங்க முன்னால் இருக்கும் கொக்கி நுனி மேலே எழும்பும். நுனி இருப்பதோ புடைப்புக்குக் கீழே. ஒவ்வொரு தடவை மெல்லும்போதும் அது பல்லை நெம்பும். நட்ட கம்பத்தை ஆட்டி ஆட்டிப் பிடுங்குகிற வேலைதான் அது. நல்ல பல் நாளடைவில் ஆட ஆரம்பிக்கும்.

இதைத் தவிர்க்க வழி தெரியாத காலமா இது? ரெஸ்டைப் பல்லின் முன்பக்கம் கொண்டுபோக வேண்டும், கீழேயிருந்து ஏறிவரும் ஐ வடிவக் கொக்கியைப் போட வேண்டும் என்று கிராட்டோச்வில் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் 1963-இல் எழுதிவிட்டார். 1973-இல் க்ரோல் என்பவர் அதைச் சீர்படுத்தி, ரெஸ்ட், பல்லின் பக்கத்தில் ஒட்டி நிற்கும் தகடு, ஐ கொக்கி மூன்றும் சேர்ந்த அமைப்புக்கு ஆர்.பி.ஐ. என்று பெயர் கொடுத்தார். அந்த அமைப்பில் செட் பின்னால் அமுங்கும்போது கொக்கி நுனி கீழேயும் முன்னாலும் நகர்ந்து பல்லை விட்டு விலகிவிடும். பல்லுக்குச் சுமை குறையும். கல்லூரியில் தேர்வுக்குப் படிக்கும் பாடம் இது. நானும் லேபுக்கு அனுப்பிய படிவத்தில் இரண்டு பக்கமும் ஆர்.பி.ஐ., முன்பக்க ரெஸ்ட் என்று எழுதி, படமும் வரைந்து அனுப்பினேன். அதற்காக அந்த அம்மாவின் இரண்டு பற்களிலும் முன்பக்க எனாமலில் ரெஸ்ட் உட்காரக் குழி எடுத்திருந்தேன். ஒப்புதலுக்கு வந்த கணினிப் படத்திலும் ரெஸ்ட் முன்னால்தான் இருந்தது. சரி என்று பதில் போட்டேன்.

பெட்டியைத் திறந்தால் உலோகத்தில் ரெஸ்ட் பின்னால் இருக்கிறது. ஐ கொக்கியைக் காணோம். இரண்டு பக்கமும் ஏக்கர்ஸ். வாயில் வைத்துப் பார்த்தபோது, நான் குழி எடுத்த இடம் இரண்டும் காலியாகத் திறந்து கிடந்தன. பின்பக்கத்தில் குழியே எடுக்காத இடத்தில் ரெஸ்ட் மேடாக உட்கார்ந்து, கடிக்கும்போது மேல்பல் அதில்தான் முதலில் இடித்தது. சீவிய எனாமல் திரும்ப வளராது. “என்ன டாக்டர், சரியா உக்காரலையா?” என்று அந்த அம்மா கேட்டபோது எனக்கு வாயே வரவில்லை.

இரண்டாவதாக வந்தது, முதலில் இலவசமாக டிசைன் காட்டினார்களே, அதே மேல்தாடைக் கேஸ். அதையாவது ஒழுங்காகச் செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். செட்டை மாட்டிவிட்டு நோயாளி வாயைத் திறந்ததுமே கீழே இறங்கிவிட்டது. மாடலை என் சர்வேயரில் வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். கொக்கி நுனிகளில் ஒன்றுகூட கோட்டைத் தாண்டிக் கீழே போகவில்லை. எல்லாம் புடைப்புக்கு மேலேயே நிற்கின்றன. பிடிக்க அங்கே என்ன இருக்கிறது? அப்புறம் காலிப்பர் எடுத்துக் கொக்கியின் கைகளை அளந்தேன். அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமன். பிடிக்கும் கை நுனியை நோக்கிப் போகப் போக மெலிந்து, அடிப்பருமனில் ஏறக்குறைய பாதியாக வேண்டும். அப்போதுதான் நுனி வளைந்துகொடுக்கும். இரண்டு கேஸ்களின் கொக்கிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே அச்சு. வேறு வேறு வாய், வேறு வேறு பல், கொக்கி மட்டும் ஒன்றே. கணினியில் தயாராக இருக்கும் வடிவத்தை எடுத்துப் பல்லின் மேல் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். டிசைன் என்று எதுவும் நடக்கவே இல்லை. 38,000 வாங்கியது அதற்குத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல். முதலில் போனில் ஒரு பெண், “உங்கள் இம்ப்ரெஷன் கோணலாக இருந்திருக்கும் டாக்டர்” என்றார். இம்ப்ரெஷன், அதாவது வாயில் எடுத்த அச்சு, கோணலானால் ஃபிரேம்வொர்க் உட்காராது. ரெஸ்ட் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தாவாது. இதைச் சொன்னதும் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றினார். அங்கே ஒருவர், ஐ கொக்கி போட ஈறுக்குக் கீழே இடம் போதவில்லை, அதனால் உற்பத்தியில் மாற்றிவிட்டோம் என்றார். கொக்கியின் கை ஈறு விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளிப் போக இடம் வேண்டும். அந்த அம்மாவுக்கு அது தாராளமாக இருக்கிறது. அளந்துதான் படிவத்திலேயே எழுதினேன். அப்படியே இடம் இல்லை என்றாலும், கம்பிக்கொக்கி போடட்டுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ஒப்புதல் வாங்கிய படத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “படம் ஒரு மாதிரிக்குத்தான், இறுதி வடிவம் மாறலாம் என்று நிபந்தனையில் இருக்கிறதே” என்றார். அந்த நிபந்தனை எங்கே என்றால், பணம் கட்டிய பிறகு வரும் ரசீதின் அடியில், பொடி எழுத்தில்.

மேல்தாடை செட் விழுகிறது என்றதற்கு, “பிளையரால் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுங்கள்” என்று பதில் வந்தது. இதை ஒரு லேபே சொல்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. புடைப்புக்கு மேலே இருக்கும் நுனியை உள்ளே தள்ளினால் அது பல்லைப் பிடிக்காது, அழுத்தும். இருபத்துநாலு மணிநேரமும் அழுத்தும். நோயாளிக்குப் பல் வலிக்கும், பல் நகரும், செட் அப்போதும் விழும். அதோடு கோபால்ட்-குரோமியம் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும். ஏற்கெனவே தடியாக இருக்கும் கைக்குக் கேட்கவே வேண்டாம்.

சர்வே செய்த கோப்பை அனுப்புங்கள், செட் இறங்கும் திசையை எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று எழுதிக் கேட்டேன். அது நிறுவனத்தின் ரகசியம் என்று பதில். முதலில் போன் செய்த அந்த நிபுணரோடு பேச வேண்டும் என்றேன். அவர் “விற்பனை ஆதரவுப் பிரிவில்” இருப்பவராம், வேலைக்கான டிசைனை அவர் பார்ப்பதில்லையாம். அந்த ஒரு நல்ல கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மீதமுள்ள நான்கு ஃபிரேம்வொர்க்குகளையும் அவர்களிடமே செய்துகொள்ளலாம், காலக்கெடுவை நீட்டித்துத் தருகிறோம் என்கிறார்கள். 38,000 பற்றிப் பேச்சில்லை. இன்று காலை பார்த்தால், என் புகார் “தீர்க்கப்பட்டது” என்று குறித்து மூடப்பட்டிருக்கிறது.

ஆலோசனை சொல்கிறேன் என்றேன். நேரமில்லை, அவசரமாக இதை மட்டும் எழுதிவிடுகிறேன். எத்தனை கேஸாக இருந்தாலும் மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். சர்வே கோடும், மாடலின் சாய்வைத் திரும்ப அமைப்பதற்கான மூன்று புள்ளிக் குறியும் இல்லாமல் வரும் டிசைனுக்கு ஒப்புதல் கொடுக்காதீர்கள். வார்ப்பதற்கு முன், மெழுகிலோ ரெசினிலோ செய்த வடிவத்தை மாடலில் உட்காரவைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். இலவச மாதிரியை வைத்து எடைபோடாதீர்கள். ஃபிரேம்வொர்க் வந்ததும் நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன் சர்வேயரில் நீங்களே ஒரு தடவை பாருங்கள். நோயாளியாக இதைப் படிப்பவர்கள், செட்டைப் போட்டுச் சும்மா இருக்கும்போதே கொக்கிப் பல் வலித்தால் பழகிவிடும் என்று பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே போய்க் காட்டுங்கள்.

அந்த அம்மாவுக்குப் புதிதாக அளவெடுத்து வேறு லேபுக்கு அனுப்பிவிட்டேன், என் செலவில். பழைய இரண்டு ஃபிரேம்வொர்க்கும் மாடல்களோடு என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நுகர்வோர் புகாருக்கு அவைதான் சாட்சி. 38,000 திரும்பி வந்தால் வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன். இதே தொகுப்புத் திட்டத்தில் பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் ரசீதையும் ஒப்புதல் படத்தையும் அழித்துவிடாதீர்கள், கீழே எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.