கள்ளி விதைக்கு மூடிய டப்பாவா, திறந்த தட்டா?

போன வருஷம் மாசியில் ஆஸ்ட்ரோஃபைட்டம் என்ற கேக்டஸின் விதை 80 வாங்கினேன். பாதியைப் பிரியாணி பார்சல் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். மீதியை அகலமான தட்டில் தூவி, தினமும் தண்ணீர் தெளித்தேன். எது தேறும் என்று பார்த்துவிடலாமே என்ற ஆசைதான். இந்த வருஷம் அந்தத் தட்டு பரண்மேல் கிடக்கிறது. ஆக, நான் எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

கள்ளி என்று நாம் சொல்வதெல்லாம் கேக்டஸ் இல்லை. திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் கிள்ளினால் பால் வரும் யூஃபோர்பியா வகை. சப்பாத்திக்கள்ளிதான் கேக்டஸ், அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. நான் பேசப்போவது கேக்டஸ் பற்றி மட்டும்.

இரண்டு முறைக்கும் பொதுவானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விதையைப் புதைக்கக் கூடாது, மேலாகத் தூவினால் போதும், வெளிச்சம் பட வேண்டும். சூடு 20 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. மண் கலவையில் பாதிக்கு மேல் பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்), பொடிக்கல், சலித்துக் கழுவிய மணல் என்று தண்ணீர் வடியும் சாமான்கள் இருக்கட்டும். எம்-சாண்டைக் கழுவாமல் போடாதீர்கள், அதிலுள்ள தூள் இறுகிப்போகும்.

முளைப்பதில் என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆஸ்ட்ரோஃபைட்டம் விதை கொஞ்சம் பெரியது, சீக்கிரம் முளைப்பது. மூன்றாம் நாளே தட்டிலும் டப்பாவிலும் பச்சை உருண்டைகள் எட்டிப் பார்த்தன. ஒரு வாரத்தில் இரண்டிலும் முக்கால்வாசி முளைத்துவிட்டது. வித்தியாசமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வளர்ந்த கேக்டஸ் மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தாங்கும். அதன் குழந்தை ஒரு மதியம்கூடத் தாங்காது. முளைத்த புதிதில் அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் உருண்டை, வேர் மண்ணின் மேல்தோலில்தான் இருக்கும். சேர்த்து வைத்துக்கொள்ள உடம்பும் இல்லை, ஆழத்திலிருந்து உறிஞ்ச வேரும் இல்லை. மதுரை வெயிலில், நிழலில் வைத்தால்கூட, காலையில் தெளித்த ஈரம் பதினோரு மணிக்குள் மேலே காய்ந்துவிடுகிறது. நான் வேலைக்குப் போகிறவன். மதியம் யார் தெளிப்பது?

சரி, காலையிலேயே நிறையத் தெளித்துவிடலாம் என்றால் அதற்கும் தண்டனை உண்டு. மண்மேல் பச்சைப் பாசி தோல்போலப் படர்ந்து நாற்றை அமுக்கிவிடும். கொசு மாதிரி சின்னக் கறுப்பு ஈ வந்து முட்டையிடும், அதன் புழு வேரையும் நாற்றின் அடியையும் தின்னும். நாற்றழுகல் வந்தாலோ, நேற்றுக் கல்லுப்போல நின்றது இன்று கண்ணாடிபோல ஆகிச் சாய்ந்துவிடும். தட்டைத் தண்ணீரில் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிட்டால் பாதி தொல்லை குறைகிறது. ஆனால் தினமும் கவனிக்கும் வேலை குறைவதில்லை.

பங்குனியில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் ஊருக்குப் போனேன். தட்டை அம்மாவிடம் ஒப்படைத்தேன். அம்மா பாசமாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் நாற்றெல்லாம் மிதந்துபோய் ஒரு மூலையில் குவிந்து கிடக்கிறது. குறை சொல்ல முடியுமா? ஸ்பிரேயர் எங்கே என்று நான் சொல்லிவிட்டுப் போகவில்லை. கடைசியில் தட்டில் மிஞ்சியது ஏழு.

டப்பாவில் வேலை முழுவதும் முதல் நாளோடு முடிகிறது. ஆனால் அந்த ஒரு நாள் சுத்தம் பார்க்க வேண்டும். நனைத்த மண் கலவையை இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்து, மூடியபடியே ஆறவிட்டேன். விதையை மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பத்து நிமிடம் போட்டு எடுத்தேன். டப்பாவையும் கையையும் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரையே சேர்த்தேன். ஈரம் எவ்வளவு என்றால், மண்ணைப் பிடித்து அமுக்கினால் சொட்டு விழக் கூடாது, பிடி உடையவும் கூடாது. தூவி மூடியாயிற்று. மூடியில் நீர்த்துளி நிற்கிறவரை உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு மேல் நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை.

வைக்கும் இடம் முக்கியம். வெயில் நேரே பட்டால் டப்பா மறுபடி இட்லிப் பானை ஆகிவிடும். வடக்கு ஜன்னலோ டியூப்லைட்டின் அடியோ போதும். நாற்று சிவந்தால் வெளிச்சம் அதிகம், ஒல்லியாக நீண்டால் குறைவு.

டப்பா முறையிலும் அடி வாங்கியிருக்கிறேன். ஜிம்னோகேலிசியம் என்ற இன்னொரு கேக்டஸின் விதையில் பழச்சதை ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் போட்டுவிட்டேன். நாலாம் நாள் வெள்ளைப் பூஞ்சை, பத்தாம் நாள் டப்பா முழுக்கப் பஞ்சு. தட்டில் ஒரு மூலை அழுகினால் மறுமூலை பிழைக்கும். டப்பாவில் ஒன்று போனால் எல்லாம் போகும். அதனால் இப்போது ஒரே டப்பாவில் விதைப்பதில்லை, சின்னச் சின்னதாக நாலைந்தில் பிரிக்கிறேன்.

அடுத்த ஆபத்து திறக்கும்போது. உள்ளேயே வளர்ந்த நாற்றுக்கு வெளிக்காற்று தெரியாது. ஆனிக் காற்றில் ஆஸ்ட்ரோஃபைட்டம் டப்பாவின் மூடியை ஒரே நாளில் கழற்றினேன், நாலே நாளில் பத்துப் பன்னிரண்டு சுருங்கிப்போயின. ஊசியால் நாலு துளை, ஒரு வாரம் கழித்து இன்னும் நாலு, பிறகு பாதி திறப்பு என்று மூன்று வாரமாவது இழுக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் டப்பாவில் பதினெட்டு நிற்கிறது.

திறந்த தட்டை நான் ஒதுக்கவில்லை. வீட்டில் பகல் முழுக்க ஆள் இருந்து, தெளிப்பதில் அலுப்பும் இல்லை என்றால் தட்டு போதும். என் தட்டில் தப்பிய அந்த ஏழும் டப்பாப் பிள்ளைகளைவிடத் திடமாக இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டிராகன் ஃப்ரூட்டும் கேக்டஸ்தான். நர்சரியில் ஒட்டுக்கட்டி விற்கும் சிவப்பு உருண்டைக் கேக்டஸின் கீழே இருக்கும் பச்சைத் தண்டு பெரும்பாலும் அதுதான். அதன் நாற்று பெரியது, வேகமாக வளர்வது, தட்டிலேயே தேறிவிடும். காசு கொடுத்து விதை வாங்குமுன், தின்ற பழத்தின் விதையைத் துணியில் தேய்த்துக் கழுவி அதில் கை பழகுங்கள்.

நான் விதைத்தது இந்த மூன்று வகைதான், அதுவும் ஒரே ஊரில். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மண் இவ்வளவு சீக்கிரம் காயாது என்பதால், அங்கே இருப்பவர்களுக்கு டப்பாவால் இத்தனை லாபம் இருக்காதோ என்னவோ.

இந்த மாசியில் ஐந்து டப்பா வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் மேலும் 'தண்ணீர் வேண்டாம்' என்று எழுதி ஒட்டியாயிற்று. அம்மா நேற்று அதைப் படித்துவிட்டு, "வெயில் காலம்டா, வாய்விட்டுக் கேக்கவா முடியும் அதுக்கு?" என்றார். டப்பாக்களை மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.