விசார்டுக்குக் கூடுதல் ஸ்பெல்: புத்தகத்தில் எழுதுவதா, ஃபீட் எடுப்பதா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் விசார்ட் (படித்து மந்திரம் கற்கும் பாத்திரம்) ஆறு ஸ்பெல்லோடு (மந்திரம்) தொடங்கி, லெவலுக்கு இரண்டு இலவசமாகப் பெறுகிறார். அது போதாதவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு: தங்கம் செலவழித்து ஸ்பெல்புக்கில் (விசார்டின் மந்திரப் புத்தகம்) எழுதிக்கொள்வது, அல்லது நான்காம் லெவலில் ஸ்பெல் தரும் ஃபீட் (பாத்திரத்துக்கான தனித்திறமை) ஒன்றை எடுப்பது. என் விசார்டுக்கு நான் எடுத்தது புத்தக வழி. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். கணக்கெல்லாம் 2014 விதிநூல்படி.

எழுதும் செலவு, ஸ்பெல்லின் லெவல் (விசார்டின் லெவல் வேறு, இது வேறு) ஒவ்வொன்றுக்கும் 50 தங்கமும் இரண்டு மணி நேரமும். மூன்றாம் லெவல் ஸ்பெல் என்றால் 150 தங்கம், ஆறு மணி நேரம். விசார்ட் பட்டியலில் இல்லாததை எழுத முடியாது. கேன்ட்ரிப்பும் (எத்தனை முறையும் போடக்கூடிய சிறு ஸ்பெல்) ஆகாது.

எங்கிருந்து எழுதுகிறீர்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இன்னொரு விசார்டின் புத்தகத்திலிருந்து என்றால் டைஸ் உருட்டவே வேண்டாம். ஸ்க்ரோலிலிருந்து (ஸ்பெல் எழுதிய சுருள்) என்றால் ஆர்கானா செக் வேண்டும்: 20 பக்க டைஸில் விழுவதோடு ஆர்கானா (மந்திர அறிவு) போனஸைக் கூட்டி, 10 கூட்டல் ஸ்பெல் லெவல் என்ற டிசியை (எட்ட வேண்டிய எண்) எட்ட வேண்டும். வென்றாலும் தோற்றாலும் ஸ்க்ரோல் அழிந்துவிடும். ஐந்தாம் லெவல், இன்டெலிஜென்ஸ் 18, ஆர்கானாவில் ப்ரொஃபிஷியன்ஸி (பயிற்சிக்கான போனஸ்) உள்ளவருக்கு மொத்தம் +7. மூன்றாம் லெவல் ஸ்க்ரோலுக்கு 6 அல்லது மேலே விழ வேண்டும், அதாவது 75 சதவீதம். ப்ரொஃபிஷியன்ஸி இல்லாவிட்டால் 60தான். விசார்ட் செய்துவிட்டு ஆர்கானாவை விட்டுவிடுகிறவர்கள் இங்கேதான் அடிவாங்குகிறார்கள். தோற்றால் மைக்கான தங்கமும் போய்விடுமா என்பதை உருட்டுவதற்கு முன்பே டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவர்) பேசி வைத்துக்கொள்ளுங்கள். எதிரி விசார்டை வீழ்த்தியதும் அவர் பையில் முதலில் தேட வேண்டியது புத்தகத்தைத்தான்.

ஃபீட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 2020-ல் வந்த ஃபே டச்ட் என்ற ஃபீட் இன்டெலிஜென்ஸில் +1, மிஸ்டி ஸ்டெப் (நொடியில் இடம் மாறும் ஸ்பெல்), கூடவே டிவினேஷன் அல்லது என்சான்ட்மென்ட் வகையில் முதல் லெவல் ஸ்பெல் ஒன்று தருகிறது. இரண்டு ஸ்பெல்லையும் லாங் ரெஸ்ட்டுக்கு (நீண்ட இரவு ஓய்வு) ஒருமுறை ஸ்லாட் (ஸ்பெல் போடச் செலவாகும், எண்ணிக்கை உள்ள வாய்ப்பு) இல்லாமல் போடலாம், அதற்கு மேல் ஸ்லாட் செலவழித்தும் போடலாம். பட்டியலுக்கு வெளியே இருந்தும் எடுக்கலாம் என்பதால் பிளெஸ் போடும் விசார்ட் சாத்தியம். புத்தகத்தில் என்ன செலவழித்தாலும் அது நடக்காது.

ஆனால் இதைத் தீர்மானிப்பது ப்ரிப்பேர் செய்யும் (புத்தகத்திலிருந்து அன்றைக்குப் போடத் தயாராக்கும்) எண்ணிக்கை. மேலே சொன்ன ஐந்தாம் லெவல் விசார்டுக்கு இலவச ஸ்பெல் மட்டுமே 14. ஒரு நாளைக்கு ப்ரிப்பேர் செய்ய முடிவதோ லெவலும் இன்டெலிஜென்ஸ் மாடிஃபையரும் (இன்டெலிஜென்ஸ் எண்ணிலிருந்து வரும் போனஸ், 18-க்கு +4) சேர்த்து ஒன்பதுதான். பதினைந்தாவதாக ஒரு சண்டை ஸ்பெல்லை 150 தங்கம் கொடுத்து எழுதினால், பெரும்பாலான நாட்கள் அது புத்தகத்திலேயே தூங்கும். "எழுதி என்ன பிரயோஜனம்" என்று சலித்துக்கொள்பவர்கள் பலரும் இப்படி எழுதியவர்கள்தான்.

ரிச்சுவல்களுக்கு (சடங்காக மெதுவாகவும் போடக்கூடிய ஸ்பெல்கள்) இந்தக் கட்டுப்பாடு கிடையாது. புத்தகத்தில் இருந்தாலே போதும், ப்ரிப்பேர் செய்யாமல், ஸ்லாட்டும் போகாமல், பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்துப் போடலாம். விசார்டுக்குப் பெரிய வசதி இது. க்ளெரிக்கும் ட்ரூயிடும் (ஸ்பெல் போடும் வேறு வகைப் பாத்திரங்கள்) ரிச்சுவலையும் ப்ரிப்பேர் செய்தாக வேண்டும். டிடெக்ட் மேஜிக், காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ், அலாரம் மூன்றும் 150 தங்கத்துக்குள் முடிந்துவிடும். பாதுகாப்பான தங்குமிடம் தரும் டைனி ஹட்டுக்கு இன்னொரு 150, அதன் பிறகு எட்டு மணி நேரத் தூக்கத்துக்குக் கவலை இல்லை. ஐடென்டிஃபையைப் போட 100 தங்கம் பெறுமான முத்து ஒன்று தனியாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள் (முத்து தீர்ந்துபோகாது, அதுவரை நல்லது).

ஆகவே லெவல் ஏறும்போது கிடைக்கும் இலவச இரண்டில், அப்போது எட்டும் உயர்ந்த லெவலின் ஃபயர்பால், கவுன்டர்ஸ்பெல் போன்றவற்றை எடுங்கள். எழுதினால் செலவு அதிகமாகப் பிடிப்பவை அவைதான். தங்கத்தை ரிச்சுவலுக்கு ஒதுக்குங்கள். எவோகேஷன் சாவன்ட் போன்ற, ஒரு ஸ்கூலில் (ஸ்பெல் வகை) தேர்ந்த விசார்டுகளுக்கு அவரவர் ஸ்கூலில் செலவும் நேரமும் பாதி, எனவே அந்த ஸ்கூலில் மட்டும் கொஞ்சம் தாராளமாக எழுதலாம். 2024 விதிகளில் சாவன்ட் மாறிவிட்டது, தள்ளுபடிக்குப் பதில் அந்த ஸ்கூலின் ஸ்பெல்லே இலவசமாகப் புத்தகத்தில் சேர்கிறது.

புத்தகத்தின் பலவீனம் பராமரிப்பு. எரிந்தாலோ திருடுபோனாலோ அன்று ப்ரிப்பேர் செய்திருந்ததை மட்டுமே புதிதாக எழுதிக்கொள்ள முடியும். ப்ரிப்பேர் செய்யாமலே வைத்திருந்த ரிச்சுவல்கள்தான் முதலில் போகும். நகல் எடுக்க ஸ்பெல் லெவலுக்கு 10 தங்கமும் ஒரு மணி நேரமும் ஆகும். ஐந்தாம் லெவல் வரை இலவசமாக வந்த 14-ஐ, எட்டு முதல் லெவல், நான்கு இரண்டாம் லெவல், இரண்டு மூன்றாம் லெவல் என்று வைத்தால் 220 தங்கம், 22 மணி நேரம். டைனி ஹட் எழுதிய கையோடு நகலையும் தொடங்கிவிடுவது நல்லது. நகலை அதே பையில் வைத்துவிடாதீர்கள்.

இன்டெலிஜென்ஸ் 17-ல் நிற்கும் விசார்டுக்கு மட்டும் என் பரிந்துரை மாறும். நான்காம் லெவலில் ஃபே டச்ட் எடுத்தால் மாடிஃபையர் +4 ஆகிவிடும், எழுதும் வேலையும் நிற்காது. 16 அல்லது 18-ல் இருப்பவர் அதே லெவலில் ஃபீட் எடுத்தால் அதற்குப் பதில் எடுத்திருக்கக்கூடிய இன்டெலிஜென்ஸ் +2 தள்ளிப்போகும்: உங்கள் ஸ்பெல்லிலிருந்து தப்ப எதிரி எட்ட வேண்டிய சேவ் டிசியில் ஒன்று, ப்ரிப்பேர் எண்ணிக்கையில் ஒன்று. ஒரு மிஸ்டி ஸ்டெப்புக்கு அது அதிக விலை, அதை இரண்டாம் லெவலாகப் புத்தகத்தில் 100 தங்கத்துக்கே எழுதிக்கொள்ளலாம்.

இத்தனையும் டிஎம் ஸ்க்ரோலும் புத்தகமும் கொடுக்கிற, இடையில் ஓய்வு நாட்கள் விடுகிற ஆட்டத்துக்குத்தான் பொருந்தும். ஊர் பக்கமே போகாமல் நாளுக்கு நாள் துரத்தும் கேம்பெயினில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து எழுத இடமே கிடைக்காது. லாங் ரெஸ்ட்டில் லேசான வேலைக்கு இரண்டு மணி நேரம்வரைதான் அனுமதி; எழுதுவதை லேசான வேலையாக டிஎம் ஒப்புக்கொண்டாலும் அதில் முதல் லெவல் ஸ்பெல் ஒன்றுதான் அடங்கும். அப்படிப்பட்ட ஆட்டம் என்று முதல் நாளே தெரிந்தால் ஃபீட்டையே எடுங்கள்.