விசிறி அடுப்பு பற்றவில்லையா? மாரியிலும் கோடையிலும் பாவித்த அனுபவம்

சிரட்டையும் விறகுத் துண்டும் போட்டு, அடியிலிருந்து ஒரு சின்ன மின்விசிறி காற்று ஊத எரியும் அடுப்பு ஒன்று 2022 இல் இருந்து எங்கள் குசினியில் இருக்கிறது. இலங்கையில் காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற ஆண்டு அது. காஸ் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் இதை மூலையில் போடவில்லை. மத்தியானச் சோறும் இரவுப் புட்டும் இன்றைக்கும் இதில்தான். அவசரத் தேத்தண்ணிக்கு மட்டும் காஸ். அடுப்பைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நெருப்புப் பிடிக்குதில்லை, என்ன செய்யிறது?"

விசிறி பழுது, பற்றரி பழுது என்று முடிவெடுக்க முதல் விறகின் ஈரத்தையும் காற்று வரும் ஓட்டைகளையும் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். நான் கண்ட பற்றாத அடுப்புகளில் அநேகமானவை அந்த இரண்டிலேயே சரியாகிவிட்டன.

ஏன் என்று விளங்க, இது எப்படி எரிகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விறகு சூடேறி ஏறத்தாழ 300 பாகை செல்சியஸை எட்டும்போது அதிலிருந்து வாயு கிளம்பும். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவது. இந்த அடுப்பில் விறகு போடும் இடம் ஒரு தகட்டு உருளை. அதன் அடி ஓட்டைகளால் வரும் கொஞ்சக் காற்று விறகைக் கனிய வைத்து வாயுவைக் கிளப்பும். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிவர இருக்கும் ஓட்டைகளால் வரும் காற்று அந்த வாயுவை எரிக்கும். அதனால் நெருப்பை மேலேதான் மூட்ட வேண்டும். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கடைசியில் கரி மிஞ்சும். சாதாரண அடுப்பில் மூட்டிப் பழகியவர்கள் அடியில் கொளுத்திவிட்டு மேலே விறகை நிரப்பும்போது புகைதான் வரும், சுவாலை வராது.

இனி ஈரம். பச்சை விறகில் எடையில் பாதியளவு தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகிலேயே 15 இலிருந்து 20 வீதம் இருக்கும். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும் வரைக்கும் விறகு எரியும் அளவுக்குச் சூடேறாது. பெரிய அடுப்பில் பக்கத்து விறகின் தணல் ஈரத்தைக் காய்ச்சிவிடும். இந்தச் சின்ன உருளையில் அதற்கு இடமில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி மழை. அந்த நாட்களில் கொட்டிலுக்குள் நனையாமல் அடுக்கியிருக்கும் விறகுகூடக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கைக்குக் காய்ந்ததாகத் தெரியும், அடுப்புக்குத் தெரியாது.

சந்தேகம் வந்தால் சமையல் தராசில் 100 கிராம் விறகுத் துண்டை நிறுத்துப் பாருங்கள். சமையல் முடிந்த அடுப்பின் ஓரச் சூட்டில் அதை வைத்து, எடை இனிக் குறையாது என்னும் வரை காய விடுங்கள். 80 கிராமுக்கு வந்தால் 20 வீதம் ஈரம் இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாமிக்குத் தராசே தேவையில்லை. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுவா. 'டங்' என்றால் எடுப்பா, 'தொப்' என்றால் திருப்பி வைப்பா. தொண்ணூறுகளில் போரால் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெய் அரிதாகி, பற்றரி கிடைக்காமல், ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்துக் குடும்பம் நடத்திய தலைமுறை அது. அவர்கள் விறகு தெரிந்தெடுக்கும் விதத்தைக் கிட்ட நின்று பார்த்துப் படிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கிடைக்கும் எரிபொருளில் எனக்கு முதலிடம் சிரட்டை. சீக்கிரம் பிடிக்கும், சூடும் கூட. ஆனால் பெரிய துண்டாகப் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று கிண்ணம் மாதிரி அடங்கி, கீழிருந்து வரும் காற்றை மறித்துவிடும். இரண்டு விரல் அகலத்துக்கு உடைக்க வேண்டும். பனங்கிழங்குப் பாத்தி கிண்டி முடிந்ததும் மிஞ்சும் ஊமல், அதாவது பனங்கொட்டையின் ஓடு, நின்று எரியும், ஆனால் மூட்ட உதவாது. அடியில் போடுங்கள், மேலே சிரட்டை. பனை மட்டை சுலபமாகப் பிடித்தாலும் சாம்பல் அதிகம், ஓட்டைகளை அடைக்கும். பூவரசு, வேம்பு, சீமைக்கிளுவைக் கொப்புகளைப் பெருவிரல் தடிப்பில் சின்னச் சின்னதாக வெட்டிக் கோடையிலேயே காயவைத்து, மூடியுள்ள பிளாஸ்ரிக் பரலில் போட்டுவிட்டால் மாரிக்குப் பயமில்லை. உரப்பை போதாது, அது காற்றை விடும்.

மூட்டும்போது விசிறியை நிறுத்தி வையுங்கள். மேல் ஓட்டைகளுக்குக் கீழே நிற்கும் அளவுக்கு விறகு, அதற்கு மேல் ஒரு பிடி தும்பு அல்லது சீவிய பாளை, பிறகு நெருப்பு. மேலே படர்ந்து பிடித்த பிறகு விசிறியை ஆகக் குறைந்த வேகத்தில் போட்டு, சுவாலை நிலைத்ததும் கூட்டுங்கள். முதலிலேயே முழு வேகத்தில் ஊதினால் இளம் நெருப்பு அணைந்துவிடும். ஓட்டைகளுக்கு மேலாக விறகைக் குவித்தாலும் இதே கதைதான், வாயு காற்றைச் சந்திக்காமல் வெறும் புகையாகப் போகும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னலுக்கு நேரே அடுப்பை வைக்கவும் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பற்றவில்லையா? உருளையைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எந்த ஓட்டையால் வெளிச்சம் வரவில்லையோ அதால் காற்றும் வராது. தென்னை ஈர்க்கு இதற்கென்றே அளந்து செய்தது போல ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் போகும். உருளையின் அடியில், விசிறிக்கும் தட்டுக்கும் இடையில், சாம்பல் சேரும் இடம் ஒன்று உண்டு. அதை யாரும் பார்ப்பதில்லை. விசிறி சத்தமாகச் சுற்றும், காற்று மட்டும் மேலே வராது. ஒரு ரிசுப் பேப்பர் துண்டை உருளையின் வாயில் பிடித்தால் தெரிந்துவிடும்.

விசிறியில் எனக்கு வந்த பெரிய தலையிடி, அதற்கு மின் கொடுக்கும் பவர் பாங்க். சில பவர் பாங்குகள் இழுக்கும் மின் குறைவாக இருந்தால், போன் நிறைந்துவிட்டது என்று நினைத்துத் தாமாகவே நின்றுவிடும். விசிறியை மெதுவாக விடும் நேரம், அதாவது மூட்டும் நேரம், சரியாக அப்போது நிற்கும். அடுப்பைப் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களும் உண்டு. அதே விசிறியைப் போன் சார்ஜரில் கொழுவிப் பாருங்கள்; ஒழுங்காக ஓடினால் குற்றம் பவர் பாங்கில். வயரை மாற்றி ஒட்டியிருந்தாலும் இந்தச் சின்ன விசிறிகள் சுற்றா.

கனடாவில் இருக்கும் அண்ணா வீட்டில் பெல்லட் அடுப்பு. மரத்தூளை இறுக்கிச் செய்த, 6 மில்லிமீற்றர் தடிப்பான குறுணிகளை அது தானே எடுத்துப் போட்டு, ஒரு சூட்டுக்கம்பியால் தானே மூட்டும். போன குளிருக்கு அது பற்ற மறுத்து, அவர் புதுக் கம்பிக்கு ஓடர் பண்ணப் போனார். வீடியோவில் பார்த்தால் எரியும் கிண்ணத்தின் அடியில் சாம்பல் ஓடு கட்டி நிற்கிறது. "கம்பியை விடுங்கோ அண்ணா, முதல்ல கிண்ணத்தைச் சுரண்டிப் பாருங்கோ" என்றேன். சுரண்டி, கம்பிக்கு நேரே உள்ள ஓட்டையைத் திறந்ததும் பிடித்தது.

அந்த அடுப்புக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. கையால் மூட்டும் ஜெல்லைப் பாவித்து மூட்டிப் பாருங்கள். பிடித்து ஒழுங்காக எரிந்தால் கம்பிதான் பழுது. அப்படியும் அணைந்தால் காற்று வழி அல்லது குறுணி. குறுணியின் ஈரம் 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும். நனைந்தால் ஊதித் தூளாகிவிடும், அதைக் காயவைத்துப் பயனில்லை. பற்றாமல் போனால் கிண்ணத்தில் குவிந்த குறுணியை அள்ளி எடுத்துவிட்டே மறுபடி முயல வேண்டும். குவியலோடு மூட்டினால் புகை நிறைந்து திடீரென்று வெடித்துப் பிடிக்கக்கூடும்.

எங்கள் அடுப்பிலும் அந்த ஆபத்து உண்டு. சுவாலை அணைந்து வெள்ளைப் புகை தள்ளும்போது முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அந்தப் புகை எரியும் வாயு. சூடான அடுப்புக்குள் மண்ணெண்ணெயோ பெற்றோலோ ஊற்றவே கூடாது. கேட்டால் கேளுங்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மிஞ்சும் தணலைக் கதவடைத்த அறைக்குள் வைப்பதும் உயிருக்கு ஆபத்து. வெளியே எடுத்து மூடியுள்ள ரின்னுக்குள் போட்டு அணைத்தால் நல்ல கரி கிடைக்கும்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று விடயம் பாருங்கள். உள் உருளை தனியாகக் கழற்ற வருகிறதா, விசிறியை ஒரு திருப்புளியால் எடுக்க முடிகிறதா, உருளைத் தகடு தடிப்பானதா. மெல்லிய தகடு சூட்டில் நெளிந்து ஓட்டையாகும். எங்களுடையதை வெல்டிங் கடையில் கொடுத்துத் தடித்த தகட்டில் புதிதாகச் செய்வித்தோம், அது இன்னும் நிற்கிறது. விசிறியை ஒட்டி மூடிய அடுப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.