யாழ்ப்பாணத்தில் நாய்க்கு வைத்தியம்: கை வைக்க முதல் நெஞ்சுப் படம்

பாரிசில் நாய்களுக்கு ஒஸ்தியோபதி, அதாவது கையால் தொட்டு, தடவி, அமுக்கிச் செய்யும் வைத்தியம், செய்வது என் தொழில். இந்த முறை ஊருக்குப் போன நேரம், கோண்டாவிலில் சித்தி வீட்டு நாயை மோட்டார் சைக்கிள் ஒன்று இடித்துவிட்டது. நொண்டவில்லை, இரத்தமும் இல்லை. மூச்சு மட்டும் வேகமாக வாங்கியது. "தம்பி, நீ இதைத்தானே படிச்சனி, ஒருக்கா தடவி விடன்" என்றார் சித்தி. முடியாது என்றேன். சித்திக்கு மனவருத்தம்தான்.

எங்கள் வைத்தியத்தில் உடலைக் குறுக்கே பிரிக்கும் தளங்களுக்குப் பெரிய இடம் உண்டு. கழுத்தடியில் ஒன்று, இடுப்புக்குள் வாலெலும்பைப் பிடித்திருக்கும் தசைகள் இன்னொன்று. எல்லாவற்றிலும் பெரியது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு. அது விலாவிலும் மார்பெலும்பிலும் ஒட்டி, நாரியில் உள்ள முள்ளெலும்புகள் வரை போய்ப் பிடித்திருக்கிறது. பெருநாடியும் உணவுக்குழாயும் அதற்குள்ளால்தான் போகின்றன. அதை இயக்கும் நரம்போ கழுத்திலிருந்து வருகிறது. அதனால் நாரி பிடித்த நாய் வந்தால் விலாவிலும் கழுத்திலும் கை வைத்துப் பார்ப்போம். நாய்களில் இதைப் பற்றிய ஆய்வுகள் குறைவு. என் கைக்குத் தெரிந்த பலனை நம்புகிறேன், ஆனாலும் மிருக வைத்தியருக்குப் பதிலாக இதைச் சொல்லமாட்டேன். பிரான்சிலும் மிருக வைத்தியர் அல்லாதவர் இதைச் செய்ய 2017 முதல் பரீட்சையில் தேறிப் பதிவு செய்ய வேண்டும்.

வாகனம் மோதினால் அந்தப் பிரிமென்றகடே கிழியலாம். ஈரலும் குடலும் நெஞ்சுக்குள் ஏறி நுரையீரலை நெருக்கும். வெளியில் ஒரு கீறலும் இராது, சில நாய்களில் வாரக்கணக்கில் கழித்துத்தான் தெரியவரும். அந்த நிலையில் விலாவை அமுக்கினால் நாய் செத்தும் போகலாம்.

ஓட்டோ பிடித்துத் தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனோம். கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பேராதனையில் படித்த அந்த இளம் டொக்டர் பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பல் முரசின் நிறத்தைப் பார்த்தார், இரண்டு பக்கமும் நெஞ்சில் குழாய் வைத்து நிதானமாகக் கேட்டார், பிறகு எக்ஸ்ரேக்கு அனுப்பினார். கிழியவில்லை, நுரையீரலில் கன்றல் மட்டும். வலிக்கு மருந்தும் முழு ஓய்வும் சொன்னார். மூச்சு சீரான பிறகு அவரிடம் கேட்டுவிட்டுத்தான் விலாவில் மெதுவாகக் கை வைத்தேன். இறுகியிருந்த இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அடிபட்ட நாயைப் பிறகு பழக்கியெடுக்கும் இப்படியான சேவை, நான் விசாரித்த இடங்களில் கிடைக்கவில்லை. ஊரில் யாராவது இளம் பிள்ளைகள் டொக்டர்மாரோடு சேர்ந்து பழகினால் எவ்வளவு நல்லது.

அடிபட்ட நாய் வீட்டில் இருந்தால், அது நித்திரை கொள்ளும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் அன்றே டொக்டரிடம் கொண்டுபோங்கள். அவர் சொல்லாமல் பனடோலோ இபுப்ரோஃபனோ கொடுக்காதீர்கள், இரண்டும் நாயைக் கொல்லக்கூடியவை.