ஒரே ஊர், இரண்டு மெக்கன்சிகள்
அலெக்சாண்டர் மெக்கன்சி, காலின் மெக்கன்சி இருவருமே ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே ஊர்க்காரர்கள். இவர்களில் யார் உசத்தி? அலெக்சாண்டர் மெக்கன்சி கனடா பக்கம் போனவர். பசிபிக்கைத் தேடி 1789இல் ஒரு பெரிய ஆற்றோடு போய் ஆர்க்டிக் கடலில் முட்டி நின்றார், அப்புறம் 1793இல் மறுபடி கிளம்பி மேற்குக் கரையைத் தொட்டேவிட்டு, அங்கே ஒரு பாறையில் தன் பெயரையும் தேதியையும் எழுதி வைத்தார். அந்த ஆற்றுக்கு இப்போது அவர் பெயர்தான். சரி, சாகசம் என்றால் இவர்.

ஆனால் என் ஓட்டு காலின் மெக்கன்சிக்கு. 1783இல் சென்னை வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்காரர், மைசூரை அளந்தவர், 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர். போன இடமெல்லாம் காவலி வெங்கட பொறையா போன்ற உதவியாளர்களை வைத்துச் சுவடி, கல்வெட்டுப் படி, ஊர்க்கதை என்று திரட்டித் தள்ளினார். (நம் மொழிகள் அவருக்குச் சரியாகத் தெரியாது என்பதுதான் வேடிக்கை!) அதில் பெரும் பங்கு சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்றும் இருக்கிறது.